ஆறாம் சுற்றில் என் பெயர்

ஒளிபரப்பில் என் பெயர் வாசிக்கப்பட்டபோது நான் குசினியில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசித்தவர் எங்கள் குடும்பப் பெயரை மூன்று துண்டாக உடைத்து, நடுத்துண்டைத் தவறவிட்டு, ஒரு மாதிரி முடித்துவைத்தார். எனக்கே அது நான்தான் என்று பிடிபடவில்லை. அப்பாதான் கதிரையிலிருந்து எழும்பினார்.

"உது நீயெல்லோ, பிள்ளை," என்றார்.

பெண்களுக்கான தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக் தொடங்கி அப்போது அதிக காலம் ஆகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அணிகள் எல்லாம் ஓரிடத்தில் கூடி, பல்கலைக்கழகம் முடித்து வருகிற விளையாட்டுக்காரிகளை முறை வைத்துத் தெரிவு செய்யும். ட்ராஃப்ட் என்பது அதுதான். எல்லா அணியும் ஆளுக்கு ஒருவரை எடுத்து முடித்தால் ஒரு சுற்று. முதல் சுற்றில் போகிறவளை மேடைக்கு அழைத்து, அணியின் சட்டையைப் போட்டுவிட்டு, தாய் தகப்பனோடு நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். கடைசியான ஆறாம் சுற்று வருகிறபோது மண்டபத்தில் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். என் பெயர் வந்தது ஆறாம் சுற்றில்.

அதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. பின்னேரத்துக்குள் ஸ்காபரோவின் ஓரத்தில், ரூஜில் இருந்த எங்கள் வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து வீதி அன்ரி ஒருவர் கேக் செய்துகொண்டு வந்தார். தமிழ் வானொலியிலிருந்து பேட்டி கேட்டு அழைத்தார்கள். இனி உனக்கென்ன என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். எந்தச் சுற்று என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

அன்று முதலில் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தியவள் என் சிநேகிதி. அவளும் அந்த ட்ராஃப்டுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அவளை எந்த அணியும் எடுக்கவில்லை. தன்னுடைய ஏமாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், என் பெயரை அந்த மனிதர் உடைத்த விதத்தை அப்படியே சொல்லிக்காட்டி என்னைச் சிரிக்கவைத்தாள். நாலைந்து நாளில் அவளுக்கும் ஒரு அழைப்பு வந்தது. என்னை எடுத்த அதே அணி, அவளையும் தங்கள் பயிற்சி முகாமுக்கு வந்து விளையாடிக் காட்டச் சொல்லியிருந்தது. ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்டவளுக்கும் எடுக்கப்படாமலே கூப்பிடப்பட்டவளுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டாள். அந்த முகாமில் எங்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை என்பதுதான் உண்மை. இரண்டு பேரிடமும் ஒப்பந்தம் கிடையாது. இரண்டு பேரும் பின்காப்பில் விளையாடுகிறவர்கள். அந்த அணியில் பின்காப்பில் மிச்சமிருந்தது அனேகமாக ஓர் இடம்தான்.

அவள் ஒஷாவாக்காரி, வெள்ளைக்காரப் பிள்ளை. தாயும் அவளும் மட்டும். தாய்க்கு முதியோர் இல்லமொன்றில் சனி ஞாயிறு வேலை. என் அப்பாவுக்கு ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. லைனில் வருகிற துண்டுகளைப் பார்த்துப் பழுதானவற்றை ஒதுக்குவது அவருடைய பொறுப்பு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, அப்படியே போய் அவளை ஏற்றிக்கொண்டு, ரூஜுக்கு வந்து என்னையும் ஏற்றி, ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரத்திலோ எங்கே ஆட்டமிருக்கிறதோ அங்கே கொண்டுபோய் இறக்குவார். நாங்கள் விளையாடுகிற நேரம் மேல்வரிசையில் குளிர்ச்சட்டையின் தொப்பியை இழுத்துவிட்டு நித்திரைகொள்வார். எங்களுக்குப் பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை ஏழு வருடம் இது நடந்தது. பிறகு இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போனோம்.

அவள் எங்கள் வீட்டில் இடியப்பமும் மீன்குழம்பும் கையால் சாப்பிடுவாள். அம்மாவை அன்ரி என்றும் அப்பாவை அங்கிள் என்றும் கூப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றுதான்: காணும், அதாவது போதும். அம்மா கரண்டியோடு கிட்ட வந்தாலே சாப்பாட்டுக் கோப்பைக்கு மேல் கையை விரித்துக்கொண்டு காணும், காணும் என்பாள்.

ட்ராஃப்ட் முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு நாள் பின்னேரம் கீழ் அறைக்குப் போனபோது அப்பா கணினிக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்தில் அச்சிட்ட தாள்கள். ஆண்கள் லீக்கில் பழைய வருடங்களில் கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயராகத் தேடிப் பார்த்து, அந்த ஆள் பிறகு எத்தனை ஆட்டம் விளையாடினான் என்று பேனையால் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பெண்கள் லீக் புதிது என்பதால் பார்ப்பதற்கு அவ்வளவு பழைய கணக்கு இல்லை, அதனால் ஆண்களுடையதைப் பார்க்கிறேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அது வேறு உலகம் அப்பா, இதையும் அதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது என்றேன். சும்மா பாத்தனான் என்று சொல்லித் தாள்களை அடுக்கி வைத்துவிட்டார். என்ன கண்டுபிடித்தார் என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாததை அவர் சொல்லியிருக்கப்போவதில்லை. முதல் சுற்றில் போனவள் ஒரு நாள் மோசமாக விளையாடினால் பழகிவிடுவாள் என்பார்கள். கடைசிச் சுற்றில் போனவள் ஒரு நாள் மோசமாக விளையாடினால், அதுதான் எங்களுக்குத் தெரியுமே என்பார்கள். கடைசிச் சுற்றுகளிலிருந்து மேலே வந்து பெயரெடுத்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். மற்றவர்களைப் பற்றிப் பேச எதுவும் இருக்காது.

ஓகஸ்ட் கடைசியில் அது நடந்தது. ஸ்காபரோவில் ஓர் ஐஸ் அரங்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, பழைய பல்கலைக்கழக ஆட்கள், ஆணும் பெண்ணுமாக, விளையாடுவோம். ஆளை ஆள் இடிப்பதில்லை என்று பேச்சு. நான் மூலையில் பக்கை, அந்த ரப்பர் வட்டை, எடுக்கக் குனிந்தபோது, பின்னால் வந்த ஒரு பெரிய ஆள் சறுக்கி என்மேல் விழுந்தான். என் தலையின் இடது பக்கம் சுற்றுப்பலகையின் விளிம்பில் அடிபட்டது. நான் எழும்பிவிட்டேன். ஆட்டத்தை முடித்தேன். குளித்து, உடுப்பு மாற்றி, வாகனத் தரிப்பிடத்துக்கு வந்து என் காரின் திறப்பை அமத்தினேன். கார் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டு நின்றேன். என் சிநேகிதி வந்து கையைப் பிடித்தாள். நான் நின்றது யாரோ ஒருவருடைய சாம்பல் நிறக் காருக்கு முன்னால். என்னுடையது நீலம். அது எங்கே நிற்கிறது என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்துப் புல்லில் வாந்தி எடுத்தேன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்திலும் ஒருமுறை இப்படித் தலையில் அடிபட்டு ஆறு கிழமை விளையாடாமல் இருந்திருந்தேன். அது என் கோப்பில் இருக்கிறது. இது இரண்டாவது தடவை என்று தெரியவந்தால் அணி என்னை முகாமுக்கே கூப்பிடாது. முதல் சுற்றில் போனவளாக இருந்தால் காத்திருப்பார்கள். இதையெல்லாம் அவளுடைய காருக்குள் இருந்து, கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, அவளுக்கு விளங்கப்படுத்தினேன். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்றேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்றாள்.

செப்டெம்பர் முழுதும் அறையின் திரையை இறக்கிவிட்டுப் படுத்திருந்தேன். கடுமையான பயிற்சி, அதுதான் களைப்பு என்று வீட்டில் சொன்னேன். தொலைபேசியில் ஒரு செய்தியை மூன்று தரம் வாசித்தால்தான் பிடிபடும். அப்பா ஒரு நாள் கதவைத் தட்டி, ஏன் பிள்ளை இருட்டுக்குள்ள கிடக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார். ஒக்டோபரில் குறையத் தொடங்கியது. வேகமாக ஓடினால் மட்டும் இடது கண்ணுக்குப் பின்னால் குத்தும். மாறிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

முகாம் வேறொரு நகரத்தில். அணியின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. சிநேகிதியும் நானும் ஓர் அறையில் தங்கினோம். முதல் மூன்று நாள் நான் என் வாழ்க்கையிலேயே நன்றாக விளையாடியது அங்கேதான் என்று இன்றும் நினைக்கிறேன். மூன்றாம் நாள் பயிற்றுநர் என்னைக் கூப்பிட்டு, நீ விளையாடுகிற விதத்தில் இங்கே சிலருக்கு ஆச்சரியம் என்றார். அவர் அதை நல்லதாகத்தான் சொன்னார்.

நாலாம் நாள் காலை அணியின் டொக்டர் கூப்பிட்டார். நடுத்தர வயதுப் பெண். ஓகஸ்ட் மாதத்தில் தலையில் அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். இடது பக்கம் என்றார். இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அடிபட்ட பிறகு தரிப்பிடத்தில் உங்கள் கார் எதுவென்று தெரியாமல் நின்றீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தக் காரைப் பற்றி உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லக் கேட்டார்கள். நான் சரியாகச் செய்யவில்லை. மிச்ச நாள் முழுக்க மேல்வரிசையில் இருந்து பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட ஒருத்தி ஊன்றுகோலோடு இருந்தாள். முழங்காலில் சத்திரசிகிச்சை. அவளால் அந்த வருடம் ஓர் ஆட்டமும் விளையாட முடியாது. அவளுக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். கடைசி நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, நீங்கள் இருக்கிற நிலையில் ஒருவருக்காக ஓர் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க எங்களால் முடியாது என்றார். நிலை என்று அவர் சொன்னது என் தலையை அல்ல, என் சுற்றை. மிச்சமிருந்த பின்காப்பு இடம், யாராவது காயப்பட்டால் இறங்குகிற ஒரு ரிசேர்வ் இடம், என் சிநேகிதிக்குப் போனது.

என்னைக் கூட்டிக்கொண்டு போக அப்பா வந்திருந்தார். தரிப்பிடத்தில் என் பைகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் சிநேகிதி அரங்கிலிருந்து ஓடி வந்தாள். தலைமயிர் ஈரம் காயவில்லை. என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவளை நான் தள்ளிவிட்டேன்.

"ஒரு ரிசேர்வ் இடத்துக்காக என்னை விற்றுவிட்டாய்," என்றேன்.

இன்னும் சொன்னேன். எங்கள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டைச் சொன்னேன். என் அப்பா நித்திரை முழித்து அவளை ஏற்றி இறக்கியதைச் சொன்னேன். இங்கே எழுத முடியாத ஒன்றிரண்டும் சொன்னேன். அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை என் தோளுக்கு மேலால் என் அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து பைகளை அங்குமிங்கும் தள்ளி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அவமானப்பட்டுவிட்டாள், அதனால்தான் பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். எனக்கு அது ஒரு திருப்தியாகக்கூட இருந்தது.

401 நெடுஞ்சாலையில் வரும்போது அப்பா தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டார். ஏழு வருசம் அவளை ஏத்தி இறக்கினியளப்பா என்றேன். ஓம் என்றார். வீடு வரும்வரை அவர் பேசியது அவ்வளவுதான்.

என் தலை சரியாக ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தது. மூளை நிபுணரான ஒரு டொக்டர், நான் அந்த முகாமில் இன்னோர் அடி வாங்கியிருந்தால் என் கதை வேறுமாதிரிப் போயிருக்கலாம் என்றார். அதை மறுக்க எனக்கு எதுவும் இல்லை. நன்றியோடு இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வருடம் முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது என் தலையை அல்ல, அவளை. அவள் சில ஆட்டங்கள் விளையாடினாள். அதிகமும் பெஞ்சில் இருந்தாள். அடுத்த வருடம் அந்த அணி அவளைக் கூப்பிடவில்லை, வேறு யாரும் கூப்பிடவுமில்லை. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை ஒளிப்பதில் பயனில்லை.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்புகிற ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கலியாண வீடுகளில் ஆட்கள், ஹொக்கி என்னாச்சு பிள்ளை என்று கேட்பார்கள். நான் ஒளிக்கவில்லை. கூட விளையாடினவள் கோள் மூட்டி என் இடத்தை எடுத்துவிட்டாள் என்று சொல்வேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். வெள்ளையள் உப்பிடித்தான் என்று ஓர் அங்கிள் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை. இந்தக் கதையை நான் தொடங்கினால் அப்பா தேத்தண்ணி எடுக்கப் போய்விடுவார். மகளின் துக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க அவரால் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழிந்தது. ஒரு நவம்பர் சனிக்கிழமை அப்பா தன் காருக்குப் பனிக்கால டயர் மாட்டும்போது ஒன்றில் கொப்புளம்போல வீங்கியிருப்பதைப் பார்த்தார். உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்கள், ஆனால் வாங்கின ரசீது வேண்டும். அந்த டயர்களை அவர் வாங்கியது நான் முகாமுக்குப் போயிருந்த அந்த மாதம். ரசீதைப் படமெடுத்து யாருக்கோ அனுப்பின ஞாபகம், தேடித் தா பிள்ளை என்று தன் மின்னஞ்சலைத் திறந்து தந்துவிட்டு வெளியே போனார். அனுப்பிய கடிதங்களில் அந்த மாதத்துக்குப் போனேன். அப்பா அதிகம் மின்னஞ்சல் எழுதுகிற ஆள் இல்லை. அந்த மாதத்தில் ஏழோ எட்டோதான் இருந்தன. அதில் ஒன்று அணியின் டொக்டருக்கு.

முகாமின் மூன்றாம் நாள் அனுப்பியிருந்தார். பயிற்றுநர் என்னைப் பாராட்டிய அன்று. அப்பாவின் ஆங்கிலம் எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் மேற்பார்வையாளருக்கு எழுதுவதுபோல ஒவ்வொரு வசனமும் தனித்தனியாக நிற்கும். மதிப்புக்குரிய டொக்டர், நான் உங்கள் ஆறாம் சுற்று விளையாட்டுக்காரியின் தகப்பன் என்று தொடங்கியிருந்தார். ஓகஸ்ட் மாதம், இடது பக்கம், வாந்தி, சாம்பல் நிறக் கார். நீங்கள் கேட்டால் அவள் இல்லை என்று சொல்லுவாள், தயவுசெய்து நம்பவேண்டாம் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், இதை நான் எழுதியது என் மகளுக்குத் தெரியக்கூடாது என்றிருந்தது.

ரசீதும் அதற்குக் கீழேதான் இருந்தது. அதையும் அச்சிட்டேன், கடிதத்தையும் அச்சிட்டேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். அப்பா டயரை உருட்டிச் சுவரோடு சாய்த்துக்கொண்டிருந்தார்.

"உதை நீங்களோ எழுதினது?"

தாளை வாங்கவே இல்லை. தூரத்தில் இருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஓம்," என்றார்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

முகாமுக்கு முந்தின கிழமை சிநேகிதி அவருடைய தொழிற்சாலை வாசலுக்கு வந்து, ஷிஃப்ட் முடியும்வரை நின்று, எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். இது உங்களோடு இருக்கட்டும் அங்கிள், எப்படியாவது அவளைப் போகவிடாமல் மறியுங்கள் என்றிருக்கிறாள். அப்பா என்னை மறிக்கவில்லை. மறித்தால் நான் கேட்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். முகாமின் மூன்றாம் நாள்வரை யோசித்துவிட்டு எழுதியிருக்கிறார்.

"நீ பாத்துச் சிரிச்சனியெல்லோ, அந்த லிஸ்ட்," என்றார். "நான் முழுக்கப் பாத்தனான் பிள்ளை. கடைசி ரெண்டு சுற்றில எடுத்த ஆக்கள். பக்கம் பக்கமா முட்டை. எங்கேயோ ஒண்டு ரெண்டு பேர்தான் மேல வந்திருக்கினம். அதுக்காக உன்ர தலையைக் குடுக்கேலுமோ?"

"அந்த ஒண்டு ரெண்டு பேரில நான் வந்திருக்கமாட்டன் எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"தெரியாது," என்றார்.

இந்த இடம்வரை என்னால் அவருக்காகப் பேச முடியும். அவருடைய வேலையே அதுதான், ஆயிரம் துண்டைப் பார்த்து எது தாங்கும் எது தாங்காது என்று சொல்வது. ஒரு தகப்பன் மகளின் மூளையையும் அவள் ஹொக்கியில் நிலைக்கிற வாய்ப்பையும் தராசில் வைத்தால், தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியாதா. அந்தத் தராசு என்னுடையது, அவர் தொட்டிருக்கக்கூடாது என்று அன்று கத்தினேன். இன்று அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமாட்டேன். ஆனால் தரிப்பிடம் என் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது.

"நான் அவளை அப்பிடிப் பேசேக்க நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்," என்றேன்.

"நிண்டனான்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அப்பா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். டயர்க் கறுப்பு போகவில்லை. நீ கொஞ்சம் ஆறின பிறகு சொல்லுவம் என்றுதான் இருந்தேன் என்றார். பிறகு நாள் போகப்போகச் சொல்ல முடியாமல் போய்விட்டது என்றார். என்னிடம் சொல்லவேண்டாம் என்று அவளிடம் போய்க் கேட்டதாகவும், அவள் ஓம் என்றதாகவும் சொன்னார்.

"ரெண்டு வருசமப்பா."

"நீ என்னோட கதைக்காம விட்டிடுவாய் எண்டு பயந்திட்டன்," என்றார். "அவள் எண்டா வெளியாள்தானே. கொஞ்ச நாளில மறந்திடுவாய் எண்டு நினைச்சன்."

வெளியாள் என்ற சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை. சாதாரணமாக வாயில் வந்தது. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஏழு வருடம் எனக்கு முன் ஏற்றி, எனக்குப் பின் இறக்கிய பிள்ளை. கலியாண வீடுகளில் நான் அவளைப்பற்றிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணி எடுக்கப் போனவர், திரும்பி வந்து அதே மேசையில் இருந்தவர்.

அடுத்த நாள் ஒஷாவாவுக்குப் போனேன். சொல்லிவிட்டுப் போகவில்லை. சிநேகிதி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, உள்ளே வா என்று சொல்லாமல் குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன் என்றாள். வீட்டு வாசல் படியில் இருந்தோம். நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். வரும் வழியில் காருக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த வசனங்கள் அங்கே நன்றாக வரவில்லை.

உன் அப்பாவிடம் சொன்னது நான், அது என் தலையில்தான், இன்னொரு தரம் நடந்தாலும் சொல்வேன் என்றாள். உன் இடத்தை நான் கேட்கவில்லை, தந்தபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமும் வரவில்லை என்றாள். என்னைப்போல ஒருத்திக்கு அப்படி ஒரு கதவு இரண்டாம் தரம் திறக்காது, அது உனக்குத் தெரியும் என்றாள்.

"அப்பா சொல்லவேண்டாம் என்று கேட்டால் நீ ஏன் ஓம் என்றாய்?" என்றேன்.

"ஏழு வருடம் அவர் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை," என்றாள். "கேட்ட ஒரே ஒரு விஷயம் அதுதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் கேட்கவில்லை. நீயா சொன்னாய் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. நீயே முடிவு பண்ணிக்கொண்டு வந்து சொன்னாய்."

 

எழும்பும்போது இன்னொன்று சொன்னாள். அது எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவள் விளையாடிய முதல் ஆட்டத்துக்கு அப்பா வந்திருந்தாராம். அத்தனை தூரம் காரோட்டிக்கொண்டு, தனியாக. மேல்வரிசையில் இருந்தாராம், அன்று நித்திரைகொள்ளவில்லையாம். ஆட்டம் முடிந்து ஊருக்கு வரவேண்டியிருந்த அவளை ஒஷாவா வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாராம். வழியெல்லாம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். உன்னைப் பற்றித்தான் என்றாள்.

அந்த நாளை நான் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மேலதிக நேர வேலை என்று சொல்லிவிட்டு அப்பா போன ஒரு ஞாயிறு. அன்று நான் தலையிடிக்கு மருந்து எடுத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்லிவிட்டு, அவளைப் பார்க்க அவ்வளவு தூரம் போயிருக்கிறார். அவளுக்குச் செய்த அநியாயம் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அதைத் தீர்க்க அவருக்கு ஒரு வழியும் கிடைத்திருக்கிறது. என்னிடம் வராமல் தீர்க்கிற வழி.

அவளும் நானும் பழையபடி ஆகவில்லை. பிறந்தநாளுக்குச் செய்தி அனுப்பிக்கொள்கிறோம். போன கோடையில் ஒரு தரம் கோப்பி குடித்தோம். இரண்டு பேரும் கவனமாகப் பேசினோம். கலியாண வீடுகளில் நான் பரப்பிய கதையைத் திரும்ப எடுக்க முயன்றேன். இல்லை அன்ரி, அது அவள் இல்லை, பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று சொன்னால், முதல் கதையை ஆவலாகக் கேட்டவர்கள் இதைக் காதில் வாங்குவதில்லை. அப்போ ஆர் சொன்னது என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் அப்பாவின் பெயர் ஸ்காபரோ முழுக்கப் போகும். நானும் இப்போது தேத்தண்ணி எடுக்கப் போய்விடுகிறேன்.

இந்த வசந்தத்தில் ரெக்ஸ்டேலில் ஒரு சின்ன அப்பாட்மென்ட் எடுத்துத் தனியாகப் போனேன். வேலைக்குப் பக்கம் என்று எல்லோருக்கும் சொன்னேன், அது பொய்யும் இல்லை. கலியாணம் கட்டாத பிள்ளை தனியாகப் போவதா என்று அம்மா இரண்டு கிழமை அழுதார். அம்மாவுக்குக் கடிதத்தைப் பற்றித் தெரியாது. அப்பா ஒரு சொல்லும் எதிர்த்துச் சொல்லவில்லை. சாமான் ஏற்ற வான் பிடித்தவர் அவர்தான். புது வீட்டில் குசினி அலமாரிக் கதவு ஒன்று தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, காரிலிருந்து சுத்தியலும் திருப்புளியும் கிடக்கிற ஆயுதப் பெட்டியை எடுத்துவந்து முழங்காலில் இருந்து திருத்தினார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. எழும்பும்போது என் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

கட்டட அலுவலகத்தில் வீட்டுக் கதவுக்கு எனக்கு இரண்டு திறப்புத் தந்திருந்தார்கள். ஒன்றை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்தார். அப்பா அதைப் பார்த்தார். பின்னேரம் ட்ராஃபிக் கூடிவிடும், வெளிக்கிடுவம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட வாசலுக்குப் போனார்.